வாத்து பிரிக்கப் போனவர்

ஒரு ஊர்ல ஒரு வாத்துக் கூட்டம். இல்ல இல்ல, ரெண்டு கூட்டம். ரெண்டா இருந்ததுதான் வம்பே. சித்தப்பா சொல்றப்போ நடுநடுவுல 'ம்' கொட்டணும். கொட்டலன்னா நிறுத்திடுவேன், சரியா?

ம்.

ஒரு கூட்டத்தை மேய்ச்சவ பவுனு. யாருன்னு நினைக்கிற? உங்கப்பாவையும் என்னையும் தூக்கி வளர்த்த அப்பாயி. உனக்குக் கொள்ளுப்பாட்டி. ஆனா இந்தக் கதையில அவ வயசுப் பொண்ணு. அவ அப்பாவுக்குக் கால் முறிஞ்சு, எழுந்திரிக்க முடியாமக் கிடந்தாரு. அந்த வாத்து முட்டை போட்டாத்தான் வீட்டுல உலை கொதிக்கும். அதனால பவுனு தனியாவே கோலை எடுத்துக்கிட்டு, அறுத்து முடிச்ச வயலா பார்த்து 'பா... பா... பா...'ன்னு ஓட்டிக்கிட்டுப் போவா. சிந்திக் கிடக்குற நெல்லை வாத்து பொறுக்கித் தின்னும்.

அப்புறம், ஐப்பசி மாசம் ஒரு நாள், அதே வயலுக்கு இன்னொரு கூட்டம் வந்துச்சு. ஓட்டிட்டு வந்தவன் வைரக்கண்ணுன்னு ஒரு வாலிபன். கூட அவனோட பெரியப்பா, ஊரை ஏச்சுப் பொழைக்குற ஆளு. அப்போ பார்த்து மழை! சட சட சடன்னு ஒரே அடி. டமார்னு இடி வேற. வாத்தெல்லாம் மிரண்டு ஓடி, ரெண்டு கூட்டமும் ஒண்ணாக் கலந்துபோச்சு. க்வா க்வா க்வான்னு வயல் முழுக்க ஒரே இரைச்சல். எது யாரோடதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ம்.

"எல்லாம் நம்ம வாத்து, ஓட்டுடா"ன்னாரு பெரியப்பா. பவுனு விடுவாளா? இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "ஒண்ணைத் தொடுங்க பாப்போம்"னா!

சத்தம் கேட்டு வயல்காரம்மா ஓடி வந்தாங்க. "சண்டை எதுக்கு? றெக்கையில பூசுன சாயத்தைப் பாருங்க." பவுனு பூசுனது மஞ்சள், அவங்க பூசுனது நீலம். தூக்கிப் பார்த்தா ஒண்ணுமே இல்ல! ரெண்டு வீட்டுலயும் சிக்கனம் பார்த்து, ஒரே சந்தையில மட்டமான சாயமா வாங்கியிருக்காங்க. அத்தனையும் மழையில கரைஞ்சு ஓடிப்போச்சு.

"சரி, கூப்பிடுங்க. யார்கிட்ட எது வருதுன்னு பாப்போம்." பவுனு தொண்டை கிழியக் கூப்பிட்டா. பெரியப்பா என்ன பண்ணாரு, மடியிலேர்ந்து நெல்லை எடுத்து விசிறுனாரு. தட தட தடன்னு எல்லாம் அவர்கிட்ட ஓடிடுச்சு. பவுனோட வாத்தும்தான்! நன்றி கெட்ட ஜென்மங்க.

"பெரியப்பா, இது அழுகுணி ஆட்டம்"னான் வைரக்கண்ணு. பவுனு அவனை அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தா.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்போ வயல்காரம்மா சொன்னாங்க, "கடைசியா ஒரு தடவை. ஆளுக்கொரு பக்கம் நடங்க. பின்னால வர்றது அவங்கவங்களுக்கு." பெரியப்பா மறுபடியும் நெல்லோட கிளம்பிட்டாரு. பவுனு ஒரு நிமிஷம் யோசிச்சா. காலையிலேர்ந்து தின்னு தின்னு வாத்துக்கெல்லாம் தொண்டை வரைக்கும் நெல்லு. இனிமே அதுக்கு என்ன வேணும்?

தண்ணி!

நீ அவ கொள்ளுப்பேத்தியேதான்டீ! பவுனு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, பக்கத்து வாய்க்கால்ல 'சளக் சளக்'னு இறங்கி நடந்தா. ஒரு வாத்து தொபுக். இன்னொண்ணு தொபுக். அப்புறம் தொபுக் தொபுக் தொபுக்! பெரியப்பா திரும்பிப் பார்த்தா, பின்னால ஒத்தை வாத்து இல்ல.

"டேய், போய் நம்மளதைப் பிரிச்சு ஓட்டிட்டு வாடா"ன்னு கத்துனாரு. வைரக்கண்ணு கரையோரமா ஓடுனான்.

பவுனு நின்னு, "எனக்கு அடுத்தவங்க வாத்து வேணாம். உன்னோடதைப் பிரிச்சுக்க"ன்னா.

அவன் பார்த்தான், பார்த்தான், தலையைச் சொறிஞ்சான். "இன்னிக்கு இருட்டிடுச்சு, நாளைக்குப் பிரிக்கட்டுமா?"ன்னான். மழை விட்டு, வெயிலு அப்போ பளீர்னு அடிக்குது!

மறுநாளும் நாளைக்குன்னான். அதுக்கு மறுநாளும் நாளைக்குத்தான். தை மாசம் தாலி கட்டிட்டான். பவுனோட அப்பாவைத் தோள்ல தூக்கிட்டு வந்து மணவறை பக்கத்துல உட்கார வச்சவனும் அவன்தான்.

என் தாத்தாவுக்குக் கடைசிக் காலத்துல கண்ணு மங்கிப்போச்சு. அப்பவும் அப்பாயி பக்கத்துல உட்கார்ந்து, "என்னய்யா, இன்னும் பிரிக்கலையா?"ன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே அவ கையைப் பிடிச்சுக்குவாரு. "நாளைக்கு"ம்பாரு.

வாத்தெல்லாம் அடைஞ்சாச்சு, கதையும் அடைஞ்சாச்சு. நீயும் கண்ணை மூடுடா கண்ணு.