ஏர் எடுத்த சனிக்கிழமை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். பட்டறையில் இருந்தவர்கள் முதல் வாரத்திலேயே சிரித்து முடித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கோயமுத்தூருக்கு வெளியே, செட்டிபாளையம் பக்கம் இருந்தது அந்தப் பட்டறை. இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி, கேட்பவருக்கு ஏற்றபடி காரை ஒவ்வொன்றாகச் செய்து தருவார்கள். காரின் எலும்புக்கூடான சட்டம் எழுந்து நின்றதும், பெட்ரோலும் பிரேக் எண்ணெயும் ஓடும் மெல்லிய குழாய்களை, அதாவது பெட்ரோல் லைனையும் பிரேக் லைனையும், அதில் இழுப்பது ருக்குமணியின் பொறுப்பு. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

ஆறுச்சாமி நூல் மில்லில் முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் அவள் முன்னால் வந்து நின்றார்.

"என்ற புள்ளைக்கு ஒரு காரு வேணுமுங்க மாஸ்டர். காலே படாம, கையாலயே ஓட்டற மாதிரி. சட்டத்தை நீங்க செய்யுங்க. பிரேக் லைனை மட்டும் நான் இழுக்கோணும். சொல்லிக் குடுப்பீங்களா?"

"அதை மட்டும் ஏனுங்ணா நீங்க இழுக்கோணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கோகிலாவுக்கு அப்ப பதினொரு வயசுங்க. பள்ளிக்கூடத்துல இருந்து மொபெட்ல கூட்டிட்டு வந்தேன். இறக்கத்துல பிரேக் கேபிள் அறுந்து போச்சு. கேபிள் பிரிபிரியா வந்திருந்ததை ரெண்டு நாளைக்கு முன்னாலயே பாத்துட்டேனுங்க. ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்."

ருக்குமணி ஒரு முழம் குழாயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வளைங்க" என்றாள்.

வளைத்தார். மில்லில் தொடைப் பருமன் நீராவிக் குழாயை அடக்கிய கைக்கு, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இந்தக் குழாய் அடங்க மறுத்தது. பத்து நாள் கழித்துத்தான் மடிப்பு விழாமல் வளையத் தொடங்கியது.

முதல் தடவை லைன் இழுத்தபோது, குழாயின் நுனியைப் பூப்போல அழகாக விரித்துவிட்டு நட்டை மாட்ட மறந்திருந்தார். விரித்த பிறகு நட்டு உள்ளே போகாது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இந்தத் தொழிலில் இதைச் செய்யாத ஆள் கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பட்டறையே ஆறுதல் சொன்னது.

இரண்டாவது தடவை, கை பழகட்டும் என்று அவள் இழுக்கக் கொடுத்த பெட்ரோல் லைன் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடியது.

"பெட்ரோலையும் சூட்டையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுல குடி வைக்கக் கூடாதுங்ணா" என்றாள் ருக்குமணி. கழற்றி, சட்டத்தின் மறுபக்கமாகக் கொண்டுபோனார்.

மூன்றாவது தடவை இழுத்த பிரேக் லைனில் ஒரு குறையும் இல்லை. விரலால் தடவி, விளக்கடித்து, ஒவ்வொரு கிளிப்பையும் ஆட்டிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "நான் இழுத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

மறுநாள் காலை அவள் வந்தபோது, சக்கரத்துக்கு ஒன்றாக இழுத்த நாலு லைனும் கழற்றித் தரையில் கிடந்தன.

"என்னாச்சுங்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. ஒருக்கா பாத்துட்டு மாட்டிரலாம்னு."

மாட்டினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கழற்றினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். இந்தப் பூனையோ அடுப்பங்கரையை விட்டு நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

ருக்குமணி ஒரு லைனின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"பாருங்க. கழட்டிக் கழட்டி மாட்டுனதுல வாய் தேய ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு தடவை கழட்டுனா கசியும்."

அவர் முகம் வெளிறிப்போனது. அந்த ஒரு லைனைப் புதிதாகவே செய்தார்.

கோகிலவாணிக்கு உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா ஒரு யோசனை சொன்னார். வாடகைக் காரில் தினமும் தானே கூட்டிப்போய், சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்திருந்து கூட்டிவருவதாக.

"ராத்திரி ஷிப்டு பாத்துட்டு வந்து காலேஜ் வாசல்ல அஞ்சு வருசம் உக்காந்தீங்களே, பத்தாதுங்ளாப்பா?" என்றாள் மகள். "லைசன்சும் வாங்கியாச்சு. நான் என்ற காருலயே போறேன். இல்லாட்டி அந்த வேலையே வேண்டாமுங்." அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அவளைப் பட்டறைக்கு அழைத்துவரச் சொன்னது ருக்குமணிதான்.

பிரேக் லைனில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் கையால் பிரேக் பிடியை அழுத்திப் பிடிக்க, கீழே படுத்திருப்பவர் சக்கரத்தருகில் இருக்கும் திருகைத் திறக்க வேண்டும். திருகில் செருகிய ரப்பர் குழாய் வழியாகக் காற்று குமிழாக ஒரு பாட்டிலுக்குள் வரும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் விட வேண்டும். அதற்கு முன் விட்டுவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

"நீங்க மேல உக்காருங்க மாஸ்டர். கோகிலாவுக்குக் கை நோகும்" என்றார் ஆறுச்சாமி.

"திங்கக்கிழமை நானா ஓட்டப் போறேன்?" என்றாள் ருக்குமணி.

மகளைத் தூக்கி உட்காரவைக்க வழக்கம்போல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். "இருங்ப்பா" என்றாள் அவள். சக்கர நாற்காலியைக் கதவோடு ஒட்டி நிறுத்தி, இடையில் ஒரு பலகையைப் பாலமாகப் போட்டு, அதில் கையை ஊன்றித் தானே நகர்ந்து இருக்கைக்குப் போனாள். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டிலையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

இடது பின்சக்கரத்தில் தொடங்கினார்கள். அங்கிருந்து அவருக்கு மகள் தெரியவில்லை. இருக்கையின் அடிப்பக்கம்தான் தெரிந்தது.

"அமுத்து கண்ணு."

"அமுத்திட்டேனுங்."

"நல்லா அமுத்திட்டயா?"

"நல்லா அமுத்திட்டேனுங்."

"நிசமா?"

"அய்யோ, தொறங்கப்பா! கை நோவுது!"

பட்டறையே சிரித்தது. அவர் திறந்தார். பாட்டிலில் குமிழ்கள் பொலபொலவென்று வந்தன. மூடினார்.

"விடு."

"விட்டுட்டேனுங்."

இரண்டாவது சக்கரத்தில் ஒரு தடவை தலையை வெளியே நீட்டிப் பார்க்க முயன்று நெற்றியில் இடித்துக்கொண்டார். மூன்றாவது சக்கரத்தில் இரண்டு குரலும் ஒரு கதிக்கு வந்துவிட்டன. அமுத்து, அமுத்திட்டேன், விடு, விட்டுட்டேன். நாலாவது சக்கரத்தில் அவர் கை, மகள் குரல் வந்த கணமே திறந்து மூடியது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாய்ப்பாடு ஒப்பித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. எண்ணெய் தெறித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முழங்கையால் துடைத்தார்.

கடைசிக் குமிழும் போய், தெளிந்த எண்ணெய் மட்டும் வந்தது. ருக்குமணி கையை உள்ளே விட்டு பிரேக் பிடியை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது.

"முடிஞ்சதுங்ணா" என்றாள். "பாப்பா, முற்றத்தை ஒரு சுத்து சுத்து. அப்புறம் நானும் பக்கத்துல ஏறிக்கறேன், ரோட்டுக்குப் போலாம்."

கோகிலவாணி இன்ஜினை எழுப்பினாள். ஆறுச்சாமி வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது.

"ஒரே ஒருக்கா மாஸ்டர். நாலு நட்டையும் கழட்டிப் பாத்துட்டு மாட்டிடறேன். நாளைக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஆச்சே."

ஞாயித்துக்கிழமை என்று சொன்ன மாத்திரத்தில் அவர் குரல் உடைந்துவிட்டது. இருக்கையிலிருந்து மகள் அவரையே பார்த்தாள். இன்ஜினை அணைக்கவில்லை.

ருக்குமணி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதைப் பாக்கோணும்ங்ணா?"

"குழாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாதுங்களே. கண்ணால பாக்காம எப்படிங்க மாஸ்டர் நம்பறது?"

"இத்தன நேரம் அடியில படுத்திருந்தீங்க" என்றாள் அவள், மெதுவாக. "மேல புள்ள அமுத்திட்டு இருக்கறாளா இல்லையான்னு எதைப் பாத்துங்ணா தொறந்தீங்க?"

ஆறுச்சாமி ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். பிறகு வண்டிக்கு முன்னாலிருந்து விலகி நின்றார்.