உச்சிக் கிளைக் காவல்

காட்டாற்றின் ஓரம் ஒரு பெரிய மருத மரம் இருந்தது. மேலே மந்திக் கூட்டம், கீழே மான் கூட்டம். மந்திகளுக்குக் கண் கூர்மை, மான்களுக்கு மூக்கு கூர்மை. சிறுத்தை வந்தால், முதலில் அறிந்தவர் மற்றவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். இப்படித்தான் இரண்டு கூட்டமும் பிழைத்துக்கொண்டிருந்தன.

மந்திகளுக்குள் மட்டும் ஒரு கட்டுப்பாடு. உச்சிக் கிளைக் காவலுக்கு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். முதல் குரல் மட்டும் தலைவன் கரியனுடையதாக இருக்க வேண்டும். தலைவன் என்றால் ஏதாவது ஒரு வேலையாவது செய்ய வேண்டுமே!

அன்று உச்சிக் கிளையில் நெடுவாலி இருந்தாள். மடியில் பால்குடி மறக்காத குட்டி. வெயில் தாழ்ந்து, மான்கள் தண்ணீருக்கு வரும் நேரம். உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு வால் நுனி அசைந்தது. சிறுத்தை! நெடுவாலி குட்டியை அணைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் இறங்கிக் கரியனிடம் சொன்னாள்.

அவன் புதர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும். நீ ஒண்ணும் பார்க்கலை, போ.”

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கரியன் சிறுத்தையோடு பேசி முடித்திருந்தான். மந்திகள் வாயை மூடிக்கொண்டால் சிறுத்தை மரம் ஏறாது என்று பேச்சு. போன வாரம் காணாமல்போன மான்குட்டி எங்கே போனது என்று இப்போது தெரிந்தது.

“மானுங்க நம்மள நம்பித்தானே வருது, தலைவரே?”

“நம்ம குட்டிங்களுக்காகத்தான் இதைச் செய்யறேன். நீ கத்தினா இந்த மரத்துல உனக்கு இடமில்லை. பச்சைக் குட்டியோட தனியா எப்படிப் பிழைப்பேன்னு யோசிச்சுக்கோ.”

பக்கத்துக் கிளையில் இருந்த தங்கை சாம்பலி எல்லாவற்றையும் கேட்டாள். கூட்டத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு அதையே காட்டிக்கொடுப்பாயா என்று அக்காவிடம் கெஞ்சினாள். நெடுவாலி மேலே ஏறினாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மான்கள் வந்தன. முன்னால் வந்த தும்பை என்ற பெண்மான் வழக்கம்போல உச்சிக் கிளையை அண்ணாந்து பார்த்தாள். நெடுவாலி இருக்கிறாள், குரல் இல்லை. அப்படியானால் பயமில்லை. தும்பை தன் குட்டியை முன்னே விட்டாள்.

நெடுவாலிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அந்தக் குட்டி தண்ணீரில் கால் வைக்கிறது.

அவள் கத்தினாள்.

மான்கள் சிதறி ஓடின. பாய்ந்த சிறுத்தை வெறும் மண்ணில் விழுந்தது. கரியன் நெடுவாலியை அறைந்து, கடித்து, மரத்தை விட்டே துரத்தினான். யாரும் தடுக்கவில்லை. சாம்பலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சற்றுத் தள்ளித் தனியாக நின்ற வேல மரத்தில், குட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் நெடுவாலி. இலை அசைந்தால்கூட உயிர் போய் வந்தது. தான் செய்தது தப்போ என்றும் நினைத்தாள். பொழுது சாய்வதற்குள் சிறுத்தை வந்துவிட்டது.

“என் சோத்துல மண்ணைப் போட்டவ நீதானே? இப்ப உனக்காக யாரு கத்தப் போறா?”

அடிமரத்தில் அது நகத்தைப் பதித்தது. நெடுவாலி கத்த நினைத்தாள், காற்றுதான் வந்தது. குட்டி அவள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அக்கரைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. தும்பைதான். ஓடிப் போகாமல் அங்கேயே நின்று கத்தினாள். உடனே மருத மரத்திலிருந்து இன்னொரு குரல். சாம்பலி, தலைவனைத் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். அவளைக் கேட்டு அடுத்தவள், அவளைக் கேட்டு இன்னொருவன். மரமே அலறியது. ஒளிந்து அடிக்கிற மிருகத்துக்கு, எல்லாரும் பார்த்துவிட்ட பிறகு அங்கே என்ன வேலை? சிறுத்தை காலை இறக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

கரியன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் திறப்பதற்காக யாரும் காத்திருக்கவும் இல்லை.

நம்பி வந்தவர்களைப் பலி கொடுக்கும் தலைவனுக்கு எதிராக வாய் திறப்பவரே கூட்டத்துக்கு உண்மையான விசுவாசி.