தொட்டிக்குப் பின்னால்

மலையடிவாரத்து மடம் ஒன்றுக்குப் பிறவிப்பெருமாள் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அங்கே குருவாக இருந்த உலகம்மைக்கு நாற்பத்து மூன்று. அவர் அவள் காலில் விழப்போக, தடுத்து உட்கார வைத்தாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க அண்ணாச்சி?"

"சம்சாரம் போயி மூணு வருசம் ஆச்சும்மா. அழுகை நிக்க மாட்டேங்கு. பஸ்ல அழுதேன். பேங்க் வரிசையில நின்னுக்கிட்டு அழுதேன். மக வளைகாப்புல அழுது மானமே போச்சு. இத நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்க. சொல்லாம நான் இங்கேருந்து நகரப் போறதில்ல."

உலகம்மை கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"கெணத்துத் தொட்டிக்குப் பின்னால ஒரு இடம் கெடக்கு. அதப் பாத்துக்கோங்க."

போய்ப் பார்த்தார். தொட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் ஊறி ஊறி, கால் வைத்தால் புதைந்தது. யாரும் நடாமலே பொடுதலையும் கரிசலாங்கண்ணியும் தரையெல்லாம் படர்ந்திருந்தன. நடுவில் முழங்கால் உயரத்துக்கு நீர்முள்ளி நின்றது.

பிறவிப்பெருமாள் முப்பத்திரண்டு வருஷம் வடிகால் வேலை பார்த்த என்ஜினீயர். சொதசொதவென்று ஒரு தரையைக் கண்டுவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. தன் தொழில் தெரிந்துதான் குரு இதைக் கொடுத்திருக்கிறார் என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார். பள்ளம் தோண்டிக் குழாய் பதித்து, மேலே சரளை கொட்டினார். தரை காய்ந்து வெடித்தே விட்டது.

"முடிஞ்சிட்டும்மா. இனி ஒரு பொட்டுத் தண்ணி நிக்காது."

"அப்படியா," என்றாள் உலகம்மை.

ஆடியில் அதை ஒட்டிய மண்ணில் பூசணி விதை போட்டார். மடத்தில் மத்தியானம் சாப்பிட வருகிறவர்களுக்குப் பாதி நாள் பூசணிக் கூட்டுதான். கொடி நன்றாக ஓடி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஆனால் பிஞ்செல்லாம் நாலே நாளில் வெம்பி விழுந்தது. சாணி உரம் வைத்தார். வேப்பம் பிண்ணாக்கு வைத்தார். அப்படியும் ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

சமையல்கார முத்தம்மாள் வேலிக்கு வெளியே நின்று சொன்னாள்: "ஒரு தேனீயக் காணுமே. ஈ காக்கா வராத தோட்டத்துல காய் எப்படிப் பிடிக்கும்?"

"அது வராட்டா போகுது. நான் இருக்கேன்லா?" என்றார் பிறவிப்பெருமாள்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் பெயிண்ட் பிரஷ்ஷும் கையுமாகக் கொடிக்குள் நுழைந்தார். ஆண் பூவில் தொட்டுப் பெண் பூவில் தடவினார். முதுகு பிடித்துக்கொண்டும் அவர் விடவில்லை. நாலு காய் நின்றது. அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுக்க வைத்தது. எழுந்து வந்து பார்த்தால், அந்த ஐந்து நாளில் பூத்தது அத்தனையும் உதிர்ந்து கிடந்தது.

நேரே உலகம்மையிடம் போனார்.

"தேனீ ஏம்மா வர மாட்டேங்கு?"

அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய்ச் சரளையைக் கிளற ஆரம்பித்தாள். பிறவிப்பெருமாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் ஒம்பது நாள் பாடுபட்டுப் பதிச்ச குழாய். அத ஏன் பேத்து எடுக்குதீங்க?"

"தேனீ ஏன் வரலன்னு நீங்கதான கேட்டீங்க?"

தான் பிடுங்கி எறிந்த செடிகளில் எவ்வளவு பூ இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கோபம் போய் வெட்கம் வந்தது. கடப்பாரையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் குழாய் வெளியே வந்துவிட்டது. குளத்தங்கரைக்கு நடந்து, பொடுதலைத் தண்டும் கரிசலாங்கண்ணி நாற்றும் வேரோடு கொண்டுவந்து நட்டார். மழை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போனார், மறுபடி நட்டார். நீர்முள்ளி விதை உருவப் போய்க் கையெல்லாம் முள். "நீயா நானான்னு பாத்துருவோம்," என்று அதனிடமே சொன்னார்.

தை பிறந்தபோது அந்த இடம் பழையபடி நசநசவென்று ஊறிக் கிடந்தது. நீர்முள்ளி ஊதாவாகப் பூத்திருந்தது. கீழே பொடுதலைப் பூவை ஒன்று விடாமல் கொசுத்தேனீ மொய்த்தது. அங்கிருந்து அவை பக்கத்தில் அவர் புதிதாகப் போட்டிருந்த பூசணிக் கொடிக்கும் போய்வந்தன. பங்குனியில் காய்களை முத்தம்மாள் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு போனாள். பிரஷ் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

அன்று பிறவிப்பெருமாள் உலகம்மை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தோட்டம் சரியாயிட்டும்மா. நான்தான் சரியாவல. இன்னைக்குக் காலையில கூட அந்த ஊதாப் பூவப் பாத்து அழுதேன். அவ பாக்காமப் போயிட்டாளேன்னு இருக்கு. வருசம் ஒண்ணு ஆகப் போவுது. வழி எப்பச் சொல்லப் போறீங்க?"

"கூடத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரே, பாத்தீங்களா?"

"பாத்தேன். யாரது?"

"நேத்து வந்தாரு. சம்சாரம் தவறிப் பதினெட்டு நாள் ஆவுதாம், கூட்டிட்டு வந்த தம்பி சொன்னாரு. இவரு வாயே தெறக்கல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, ஒரு வாய்ச் சோறு இல்ல. நான் பேசிப் பாத்துட்டேன், முத்தம்மா பேசிப் பாத்துட்டா. நீங்க போய்ப் பக்கத்துல உக்காருங்க."

பிறவிப்பெருமாள் பதறிப்போனார்.

"நானா? நான் போயி அவருகிட்ட என்னத்தச் சொல்ல? உக்காந்த ஒடனே நான்தாம்மா அழுதுருவேன்!"

"அதுக்குத்தான் அண்ணாச்சி, உங்கள அனுப்புதேன்."