பலாச்சுளைக்குக் கேட்ட நாலு கேள்வி

ஒரு காட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. காட்டுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள் குழந்தைகளே. யானை வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே அதில்தான் பெயர் பதிய வேண்டும்.

குளம்பாலும் கொம்பாலும் அதை யார் தட்டுவது? அதனால் திரைக்குள் ஒரு ஏஐ மைனாவைக் குடிவைத்தார்கள். சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. எதிர்க்கேள்வி கேட்க அதற்குத் தெரியாது.

வலைப்பக்கத்தைத் திறக்க, பொத்தானைத் தட்ட, பெயரை எழுத என்று மைனாவுக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தவன் துடுக்கன் என்ற குரங்கு. கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் சரியான அவசரக்குடுக்கை. கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பை வாழைப்பழம் தின்றுகொண்டே எழுதி முடித்துவிட்டான்.

"வைத்தியர் பக்கத்தைத் திற. கொஞ்சம் பொறு. பச்சையைத் தட்டு. மற்றதைப் பார்த்துக்கொள்."

அவ்வளவுதான் குறிப்பு.

ஒரு நாள் மருதி என்ற மானின் குட்டிக்குக் குளம்பில் முள் ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. வைத்தியர் மாதம் ஒரு முறைதான் வருவார். அன்று வந்திருந்தார். உச்சிவேளையோடு பதிவு முடிந்துவிடும். புலி உலவும் காட்டில், ஓட முடியாத குட்டி இன்னொரு மாதம் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

காலையிலேயே மைனாவிடம் சொன்னாள். கண் சிமிட்டும் நேரத்தில், "முடிந்தது" என்றது மைனா.

மருதி குட்டியை மெல்ல நடத்திக் கூட்டிப் போனாள். வைத்தியர் வாசலில் நின்ற கொக்கு பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"உங்கள் பெயர் இல்லையே அம்மா."

"முடிந்தது என்று மைனா சொன்னதே."

"பட்டியலில் இல்லை. உச்சிவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்."

மருதி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கம்ப்யூட்டர் பக்கத்தில் துடுக்கன் இருந்தான். எதையும் நிதானமாகச் செய்யும் முள்ளம்பன்றி ஊசியம்மாளும் இருந்தாள். நடந்ததைக் கேட்டதும் துடுக்கன் மைனாவின் மேல் பாய்ந்தான்.

"மக்கு மைனாவே, என்னதான் செய்து தொலைத்தாய்?"

"பக்கத்தைத் திறந்தேன். கொஞ்சம் பொறுத்தேன். பச்சையாக ஒரு இலைப் படம் வந்தது, தட்டினேன். பிறகு மற்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்றது மைனா.

ஊசியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துடுக்கா, உனக்கு ஒரு பலாச்சுளை வைத்திருக்கிறேன். நான் சொல்கிறபடி போய் எடுத்துக்கொள். மரத்துக்குப் போ. கொஞ்சம் பொறு. மஞ்சளை எடு. மற்றதைப் பார்த்துக்கொள்."

பலாச்சுளை என்றதும் துடுக்கனுக்கு எச்சில் ஊறியது. இரண்டு தாவு தாவியவன் நின்றுவிட்டான்.

"எந்த மரம் அக்கா?"

ஊசியம்மாள் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை எடுத்து, அந்தக் கேள்வியை இலையில் எழுதினாள்.

"எதுவரைக்கும் பொறுப்பது?"

அதையும் எழுதினாள்.

"பழுத்த இலைகூட மஞ்சள்தானே. சுளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

எழுதினாள்.

"ஒருவேளை அங்கே இல்லாவிட்டால்?"

"அதுவும் சரியான கேள்விதான்" என்றபடி அதையும் எழுதி, இலையை அவனிடம் கொடுத்தாள். "இந்த நாலையும் மைனாவும் கேட்டிருக்கும். பாவம், அதற்குக் கேட்கத் தெரியாது."

துடுக்கன் தலையைச் சொறிந்தான்.

"அப்புறம் சொறியலாம் துடுக்கா. வெயில் உச்சிக்கு வரப்போகிறது, எழுது" என்றாள் மருதி.

துடுக்கன் இந்தத் தடவை ஒன்றும் தின்னாமல் எழுதினான்.

"'வைத்தியர் பதிவு' பக்கத்தைத் திற. 'பெயர் பதிக' என்று எழுதிய பச்சைப் பொத்தான் தெரியும்வரை பொறு. நூறு எண்ணியும் தெரியாவிட்டால் எதையும் தட்டாதே, 'பொத்தான் வரவில்லை' என்று சொல். தெரிந்தால் தட்டு. அடுத்து வரும் கட்டத்தில் நோயாளியின் பெயரை எழுதி அனுப்பு. வரிசை எண் வந்தால்தான் வேலை முடிந்தது. அந்த எண்ணைச் சொல்."

மைனா எண்ண ஆரம்பித்தது. எழுபதுவரை அந்தப் பொத்தானைக் காணோம். எழுபத்தொன்றில் பொத்தான் வந்தது.

"வரிசை எண் முப்பத்தெட்டு" என்றது மைனா.

அன்று பிற்பகல் யானை வைத்தியர் முள்ளை எடுத்து, மூலிகை வைத்துக் கட்டிவிட்டார். திரும்பும் வழியில் குட்டி நொண்டி நொண்டி அம்மாவுக்கு முன்னால் ஓடியது.

"கருவியில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை அக்கா. குறிப்பை மட்டும்தான் மாற்றினேன்" என்று வியந்தான் துடுக்கன். பிறகு மெல்லக் கேட்டான், "அந்தப் பலாச்சுளை நிஜம்தானா?"

ஊசியம்மாள் இன்னொரு இலையை நீட்டினாள். அதில் இப்படி இருந்தது: "ஓடைக்கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்றுதான் உண்டு. அதன் அடிப்பொந்தில் தேக்கிலையில் சுற்றி வைத்திருக்கிறேன். பொறுக்க வேண்டாம், போனதும் எடுக்கலாம். இல்லையென்றால் அணில் தின்றிருக்கும், வந்து சொல், வேறு தருகிறேன்."

துடுக்கன் படித்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பினான். சுளை அங்கேதான் இருந்தது.

நீதி: கேட்கத் தெரியாதவருக்கு வேலை சொல்பவர், அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும்.