தளவாயின் இரண்டு பக்க மீசை

நம் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலத்தில், எண்ணெய்ப்பாறை என்ற நாட்டை உல்லாசவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். அந்த நாட்டில் விளக்கெரிக்கும் எண்ணெய் பாறைக்கு அடியில் கிடந்தது. யானைகளை விட்டுப் பெரிய தோல் துருத்தியை மிதிக்கவைத்து, செப்புக் குழாய் வழியாகத் தண்ணீரை முட்டித் தள்ளுவார்கள். பாறை படாரென்று வெடிக்கும்; எண்ணெய் மேலே வரும்.

ராஜாவுக்கு இரண்டு ராணிகள்; ஆளுக்கொரு குளம். ஒருத்தி குளத்துத் தண்ணீரை எடுத்தால் இன்னொருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் பெரிய ராணி குளத்தில் ஒரு குடம், சின்ன ராணி குளத்தில் ஒரு குடம் என்று துருத்தியில் சரிசமமாக ஊற்றச் சொல்லிக் கட்டளை. இரண்டும் பளிங்கு மாதிரித் தண்ணீர்தான். ஆனாலும் மாதம் தவறாமல் குழாய்க்குள் வெள்ளைக் கல் படிந்து அடைத்துக்கொண்டது. குழாய்க்காரி ஆவுடை உளியால் சுரண்டிச் சுரண்டிக் கை காய்த்துப்போனாள்.

அந்த வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித்தரத் துடித்துக்கொண்டிருந்தார் தளவாய் வீரபாகு. முழ நீள மீசைக்காரர்.

"மகாராஜா, இவள் சோம்பேறி! அதனால்தான் கல் படிகிறது" என்று மூட்டிவிட்டார்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எட்டு நாளில் இதற்கு வழி சொல். இல்லையென்றால் நாட்டை விட்டே போ!"

கல் படியும் காரணம் ஆவுடைக்குத் தெரியும். வீட்டில் இரண்டு குளத்துத் தண்ணீரையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தபோது கஞ்சி மாதிரிக் கலங்கியது. நெல்லிக் கட்டைத் துண்டு ஒன்றை முதலிலேயே போட்டுவிட்டு ஊற்றினால் கலங்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால், 'எந்த ராணியின் தண்ணீர் கெட்டது?' என்று ராஜா கேட்பாரே! எந்தப் பெயரைச் சொன்னாலும் தலை போகும்.

அவள் கும்பிட்டுச் சொன்னாள்: "மகாராஜா, ராணிமார் தண்ணீரில் தளவாய் ஐயா மீசையை நனைக்கட்டும். வலது மீசைக்கு ஒரு பானை, இடது மீசைக்கு ஒரு பானை. எட்டாம் நாள் வழி தானே தெரியும்."

"ராணிமார் தண்ணீரில் நனைய என் மீசை கொடுத்துவைத்திருக்க வேண்டும்!" என்று குழைந்தார் தளவாய்.

இரண்டு பானையிலும் இரண்டு குளத்துத் தண்ணீரும் கலந்திருந்தது. இடது பானையில் மட்டும் நெல்லித் துண்டு கிடந்தது. தளவாய் வேளைக்கு வேளை மீசையை முக்கிக் காயவைத்தார். எட்டாம் நாள் சபைக்கு வந்து திரும்பிப் பார்த்தார். 'டணார்' என்று வலது மீசை தூணில் இடித்தது. இடது மீசையோ பட்டுக் குஞ்சம் போல ஆடியது. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு ஓடியது.

சிரிப்பு அடங்கியதும் அவர் கண்ணைச் சுருக்கினார். "ஆவுடை, உண்மையைச் சொல். எந்த ராணியின் தண்ணீர் குற்றம்?"

திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி வளையல்களின் ஓசை சட்டென்று நின்றது.

"இரண்டும் அமுதம், மகாராஜா. சேரும் இடத்தில்தான் கல்லாகிறது. நடுவில் நெல்லிக் கட்டை இருந்தால் ஆகாது. அதுவும் முன்கூட்டியே, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்க வேண்டும். இறுகிய பிறகு போட்டால் பயனில்லை, உளிதான் கதி."

ராஜா தாடியைத் தடவினார். "அப்படியென்றால் அரண்மனையிலும் நடுவில் ஒரு கட்டை வேண்டுமே..."

"அதற்குத்தானே மகாராஜா நீங்கள் இருக்கிறீர்கள்!" என்று சொல்லிவிட்டு ஆவுடை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு ராணிகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து ராஜா கேட்டதே இல்லை. உருகிப்போய், ஆவுடையை அன்றே குழாய் மந்திரி ஆக்கினார். தினமும் குழாய்த் தண்ணீருக்கு நெல்லிக் கட்டை சீவும் வேலை தளவாய்க்கு. வலது மீசையை உளி வைத்து உடைத்தது அவர் மச்சானேதான்.

அன்று முதல் அந்தப்புரத்தில் லேசாகக் குரல் உயர்ந்தாலே போதும். ராஜா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவார்: "பொறுங்கள், பொறுங்கள்! இறுகிவிடாதீர்கள்! இதோ, கட்டை வந்துகொண்டே இருக்கிறது!"