கனைத்துப் பேசிய குழல்

முன்னே, வெகு முன்னே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெடுவயல் என்றொரு நாடு இருந்தபோது, அங்கே மூன்று அநியாயங்கள் நடந்தன. வரிசையாகக் கேளுங்கள், வரிசை முக்கியம். முதலில் காட்டுக்கு வேலி போட்டு, சுள்ளி பொறுக்கியவர்களைத் திருடர்கள் என்றார்கள். அடுத்து ஆற்றை அரண்மனைத் தோட்டத்துக்குத் திருப்பி, வயல்களைக் காயப்போட்டார்கள். அதற்கும் அடுத்து, வயல் காய்ந்தவர்களைப் பிடித்துவந்து, அரண்மனைக்கு அடியில் ஒரு குழியில் துருத்தி மிதிக்க விட்டார்கள்.

துருத்தி எதற்கு? ஆயிரங்குழல் என்ற வாத்தியத்துக்கு. பனைமர உயரக் குழல் முதல் பச்சை மிளகாய் அளவுக் குழல் வரை, ஈயத்தில் வார்த்துச் சுவர் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். மந்திரவாதி ஒருவன் மின்னலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து அடைத்து, செம்புக் கம்பி வழியே ஒவ்வொரு குழலுக்கும் ஓடவிட்டிருந்தான். மேலே கட்டையை அழுத்தினால் மின்னல் ஓடிப்போய்க் குழலின் கதவைத் திறக்கும். கீழே மிதிக்கிறவர்களின் காற்று புகுந்து பாடும். அரசன் கட்டைகளை அறைவான், குழல்கள் அலறும். அதுதான் சங்கீதம் என்று எல்லோரும் தலையாட்ட வேண்டும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று ஊரார் முன்னால், நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் ஓலையில் வாசித்து, கடைசியில் செய்தவன் பெயரையும் வாசித்துவிட்டால், அந்தப் பெயருக்குரியவன் பதவியை விட்டு இறங்கியாக வேண்டும். அதனால்தான் அரசன் தன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டிருந்தான்.

ஒருநாள் அரசன் சபையில் மூன்று ஊரும் கூடியிருந்தபோது, துருத்தி மிதிப்பவர்களில் வடமலை என்பவன் ஓலையோடு எழுந்தான். பேசுமுன் இரண்டு தடவை கனைப்பது அவன் பழக்கம். "நீ கனைச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிடும்" என்று, கூடவே துருத்தி மிதிக்கும் அவன் மனைவி மாசிலா கேலி செய்யாத நாள் இல்லை. வடமலை கனைத்தான், முதலாவதை வாசித்தான், இரண்டாவதை வாசித்தான், மூன்றாவதை வாசித்தான். பெயருக்கு வாய் திறந்தபோது மந்திரவாதி கையைச் சொடுக்கினான். வாய் திறந்தபடியே நின்றது, சத்தமில்லை.

"குரல் ஒரு குழலுக்குள்ளே போயிட்டுது" என்று சிரித்தான் மந்திரவாதி. "இது இன்னார் குரல்னு மூணு ஊரும் சொன்னாத்தான் திரும்பும். பௌர்ணமி விழாவிலே அரசர் முழுப்பாட்டும் வாசிச்சு முடிச்சிட்டா, ஈயத்தோடு ஈயமா உறைஞ்சிடும்."

மாசிலா அழவில்லை. ஓலையை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

மறுநாள், அரண்மனை உண்டு உறங்கும் உச்சிவேளையில், வடமலையைத் துருத்தியில் நிறுத்திவிட்டு மேலே ஏறினாள். பனைமரக் குழலுக்குள்ளிருந்து ஒரு வௌவால் தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"யாரு புள்ள அது, தூங்குற நேரத்திலே?"

"கோவிச்சுக்காதீங்க வௌவால் அண்ணே. என் வீட்டுக்காரர் குரலைத் தேடுறேன்."

"கனைக்கிற ஆளா? மூணாவது வரிசை மூலையிலே ஒரு குழல் ஊதுறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி கனைக்குது. என் தூக்கமே போச்சு. தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடு தாயி!"

மாசிலா அந்தக் குழலின் கட்டையை அழுத்தினாள். கனைப்பு வந்தது, பின்னாலேயே அலறல் வந்து அதை விழுங்கியது. கட்டைகளுக்கு மேலே மூன்று திருகுகள் இருந்தன. மந்திரவாதி முயன்று பார்க்கப் பொருத்தியவை. அரசனுக்குச் சத்தம் போதும் என்பதால் யாரும் அவற்றைத் தொட்டதில்லை. முதல் திருகைத் திருப்பினாள், குழல் யானைபோல் பிளிறியது. அரண்மனையில் ஒருவரும் விழிக்கவில்லை, பழகிய காதுகள். இரண்டாவதைத் திருப்பினாள், குழல் குறட்டை விட்டது. மூன்றாவதைத் திருப்பினாள். இப்போது விரல் அழுத்துகிற அளவுக்குத்தான் மின்னல் கதவைத் திறந்தது. காய்ச்சலில் கிடந்த வடமலையின் நெற்றியை எப்படித் தொடுவாளோ, அப்படிக் கட்டையைத் தொட்டாள்.

குழல் கனைத்தது. மெல்லச் சொன்னது: "அடியே சிலுப்பி!"

சிலுப்பி என்று அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். இப்போதுதான் மாசிலா அழுதாள். "உள்ளே போயும் வம்புதானா உனக்கு!" என்று ஈயத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

பௌர்ணமி வந்தது. தன் பாட்டைக் கேட்கட்டும் என்று அரசனே மூன்று ஊரையும் கூட்டினான். நிமிர்ந்து உட்கார்ந்து கட்டைகளை அறைந்தான். சத்தமில்லை. மறுபடி அறைந்தான், சத்தமில்லை. கீழே குழியில் அத்தனை பேரும் துருத்தியை விட்டு இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"காத்து எங்கே?" என்று கத்தினான் அரசன்.

"எங்க கால்ல இருக்கு" என்றாள் மாசிலா, மேடையேறி. "நான் வாசிச்சா மிதிப்பாங்க. நீங்க வாசிச்சா மிதிக்க மாட்டாங்க."

கூட்டம் சிரித்தது. பட்டு வியர்க்க அரசன் நகர்ந்து உட்கார்ந்தான். 'ஒரு பெண் என்ன பெரிதாய் வாசித்துவிடுவாள்?' என்று நினைத்தான்.

மிதி மிதி என்று கீழே துருத்தி எழுந்தது. மாசிலா மூன்றாவது திருகைத் திருப்பி, ஒற்றைக் கட்டையில் விரலை வைத்தாள். குழல் இரண்டு தடவை கனைத்தது. பிறகு வாசித்தது: முதலில் காடு. அடுத்து ஆறு. அதற்கும் அடுத்து குழி. வரிசை மாறவில்லை.

"இது வடமலை குரலில்ல?" என்றது முதல் ஊர். "அவனேதான்" என்றது இரண்டாவது ஊர். "அந்தக் கனைப்பு வேற யாருக்கு வரும்!" என்றது மூன்றாவது ஊர்.

மின்னல் ஜாடி வெடித்தது. மின்னல் வானத்துக்கு ஓடியது, மந்திரவாதி அதற்கு முன்னே ஓடினான். புழுதிக் காலோடு குழியிலிருந்து ஏறி வந்தான் வடமலை.

"சிலுப்பி, சரியாத்தானே வாசிச்சேன்?"

"பேரு பாக்கி இருக்கு. கனைச்சுக்கிட்டே நிக்காதே" என்று கொண்டையிலிருந்து ஓலையை எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் வேலி பிடுங்கப்பட்டது, ஆறு வயலுக்கு வந்தது, மாசிலா வாசிக்க ஊரார் முறைவைத்து மிதித்தார்கள், வௌவால் நிம்மதியாகத் தூங்கியது. அதெல்லாம் அப்புறம். அந்த நிமிடத்தில் மூன்று ஊரும் மேடையை நெருங்கி வந்தன. "வேண்டாமய்யா, வேண்டாம்" என்று முதன்முறையாக மெதுவாகப் பேசினான் அரசன். வடமலை ஓலையைப் பிரித்தான், இரண்டு தடவை கனைத்தான், அந்த அரசனுக்கு அவன் தாய் ஆசையாக வைத்த பெயரை மூன்று ஊர் கேட்க வாசித்தான்:

"செல்லக்கண்ணு."