வேரோடு பிடுங்கிய ஆகாயத்தாமரை

முன்னொரு காலத்தில் நல்லேரி நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஊதாப் பூ அழகாயிருக்கிறதே என்று கப்பல் வியாபாரியிடம் ஆகாயத்தாமரையை வாங்கிப் பெரிய ஏரியில் மிதக்கவிட்ட புண்ணியவான் அவன்தான்! மூன்றே வருஷத்தில் ஏரி மூடிப்போனது. மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. வலைகாரர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

ராஜா மானியம் அறிவித்தான். அரண்மனை வாசலுக்கு வரும் ஒவ்வொரு வண்டிச் செடிக்கும் ஒரு பொன். வலைகாரர்கள் ஓடிவந்து அந்த வேலையைக் கேட்டார்கள். "மீன் பிடிக்கிறவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்?" என்று விரட்டிவிட்டு, மானியத்தைத் தானே வாங்கிக்கொண்டார் பிரதானி பூபாலராயர். அவருடைய ஆட்கள் இலையை மட்டும் அறுத்தார்கள். வேரைத் தண்ணீரிலேயே விட்டார்கள். அறுக்க அறுக்கத் தழைத்தது. இரண்டு வருஷமாக மாதாமாதம் வண்டிகள் கூடின. வேலை பிரமாதமாக நடக்கிறது என்று ராஜா பூரித்துப்போனான். இந்த அறிவை என்னவென்று சொல்ல!

மானியத்தை இரட்டிப்பாக்கி, ராயருக்குப் பொன்னாடை போர்த்திய நாளில் சபைக்குள் நுழைந்தாள் வலைகாரி வெள்ளச்சி. ராயர் வீட்டுக்கு மீன் கொடுப்பவள்.

"மகாராசா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். போன வாரம் ராயரய்யா வீட்டு அல்லிக்குளத்துல பத்து ஆகாயத்தாமரையைப் போட்டது நான்தான்."

ராயர் துள்ளி எழுந்தார். "அடி பாதகத்தி, நீயா! என் குளம் என்ன கதியாகியிருக்கும்! நானே பக்கத்தில் நின்று, ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கவைத்து, காயப்போட்டுக் கொளுத்தினேன். பொழுது சாய்வதற்குள் குளம் சுத்தம், தெரியுமா?"

"அப்ப வேரோட பிடுங்கணும்னு உங்களுக்குத் தெரியும்." வெள்ளச்சி ராயர் பக்கம் திரும்பினாள். "உங்க குளத்துக்கு ஒரு நாள். எங்க ஏரிக்கு ரெண்டு வருசமா? எம் புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்கய்யா!"

ராஜாவின் முகம் கறுத்தது. "ராயரே, பொன்னாடையைக் கழற்றும். ஏரியில் இறங்கும்."

"எத்தனை நாளைக்கு, பிரபு?"

"உம்முடைய குளத்தைப் போல ஆகும்வரை!" என்ற ராஜா, வெள்ளச்சியிடம் திரும்பினான். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"வண்டியை எண்ணாதீங்க, மகாராசா. தெளிஞ்ச தண்ணியைப் பாத்து மானியம் குடுங்க. அதையும் வலைகாரங்க கையில குடுங்க. இன்னொண்ணு... முதல் செடிய ஏரியில விட்டது யாருன்னு ஊருக்கே தெரியும்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று ராயருக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ராஜாவும் நின்றான். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். இலை மட்டும் கையோடு வந்தது.

கரையிலிருந்து வெள்ளச்சி அதட்டினாள்: "வேரோட!"